எட்டே முக்கால் கதவு

அப்பா கடைசியாகப் பேசியது ஒரு கதவைப் பற்றி.

அன்றும் எட்டே முக்காலுக்குத்தான் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து இளைஞர் மன்றத்துச் சாவியை எடுத்து, வாசலுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். அம்மா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "என்ன, இன்னைக்குமா?" என்றாள்.

"கதவு மக்கர் பண்ணுது," என்றார் அப்பா.

சாப்பிட்டார், படுத்தார். காலையில் எழுந்திருக்கவில்லை.

மன்றத்துக்கு அவர்தான் செயலாளர். சம்பளம் கிடையாது. சாயங்காலம் ஐந்துக்குத் திறப்பார், எட்டுக்கு மூடுவார். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தால் ஐந்து நிமிடம். மிச்ச நாற்பது நிமிடமும் அந்தக் கதவோடு மல்லுக்கட்டிப் பூட்டுவதில் போய்விடுகிறது என்று பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் அம்மாவுக்கு அந்தக் கதவின் மேல் தீராத பகை. மாமியார் இல்லாத குறையை அந்தக் கதவு தீர்த்து வைத்துவிட்டது என்று அவளே சொல்வாள். மாதம் ஒரு பாட்டில் மெஷின் எண்ணெய் கொடுத்து, பூட்டுக்கு விடச் சொல்வாள். அப்பா மறக்காமல் வாங்கிக்கொண்டு போவார். பாட்டில் காலியாகத் திரும்பி வரும். கதவு மட்டும் திருந்தவில்லை.

அவர் போய் இரண்டு மாதத்தில் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'செயலாளர் அவர்களுக்கு' என்று அப்பாவின் பெயருக்கே வந்திருந்தது. கட்டடம் பழுதாகிவிட்டதாகத் தகவல். மாதக் கடைசியில் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். புழங்கும் நிலையில் இல்லை என்றால் மன்றத்தை மூடிவிட்டு, உடைந்த குப்பைத்தொட்டிகளைப் போட்டு வைக்க எடுத்துக்கொள்வார்கள்.

அம்மா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை ஒரு கை இல்லாமலே மடித்து வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினாள். வீடு வீடாகப் போய் அவள் சொன்னது ஒன்றுதான். "அவர் உட்கார்ந்த இடத்துல குப்பைத்தொட்டி உட்காரக் கூடாது."

தெரு திரண்டுவிட்டது. ஆளுக்கொரு கை போட்டால் பத்து நாளில் முடிந்துவிடும் என்றார்கள். சுவருக்குப் பூச்சு, ஜன்னலுக்குக் கம்பி, பெஞ்சுக்கு நாலு ஆணி, அவ்வளவுதான் வேலை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் தன் வீட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட்டைக் கொண்டுவந்து இறக்கினார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"முதல்ல கதவு."

அடுத்த தெருத் தச்சர் வந்தார். கதவைச் சாத்தினார். சாவியைத் திருப்பினார். 'களுக்' என்று பூட்டிக்கொண்டது. திறந்தார், மறுபடி பூட்டினார். மறுபடியும் 'களுக்'. பத்துத் தடவை பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு அக்கா."

"நீங்க வந்ததும் நல்ல பிள்ளை வேஷம் போடுது. டாக்டரைக் கண்டதும் பல்வலி போற மாதிரி," என்றாள் அம்மா. "பத்தொன்பது வருஷம், தினம் நாற்பது நிமிஷம். ஒருத்தர் சும்மா சொல்வாரா?"

போன மனிதரைப் பொய்யர் என்று சொல்லத் தச்சருக்கு வாய் வரவில்லை. பூட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். எண்ணெய்ப் பசையே இல்லை. மாதம் ஒரு பாட்டில் கொடுத்த கதையை அம்மா சொன்னாள். "அப்ப பூட்டு குடிச்சிருக்கும்," என்று முடித்துக்கொண்டு, சாயங்காலமானால் மரம் உப்பிக்கொள்ளும், அதுதான் கோளாறு என்று தானே ஒரு வியாதியைக் கண்டுபிடித்தார். கதவின் ஓரத்தை இழைக்க ஆரம்பித்தார். நட்புக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே இழைத்தார்.

மதியம் கதவைச் சாத்தினால், நிலைக்கும் கதவுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. பூட்டின் நாக்கு வெளியே நீட்டிக்கொண்டு எதையும் தொடாமல் அந்தரத்தில் நின்றது.

எதிரே சலவைக்கடை. அதன் சொந்தக்காரர் அதிகம் பேசாத மனிதர். துணி கொண்டுபோய்க் கொடுக்கிற அவருடைய பழைய சைக்கிள்கூடச் சத்தமில்லாமல்தான் வரும். அவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"அக்கா, ஒரு விஷயம்..."

"மரத்தூள்தானே? வெள்ளைச் சட்டையெல்லாம் பாழாகுது, தெரியும். ரெண்டு நாள் பொறுத்துக்கோங்க," என்றாள் அம்மா. அவர் போய்விட்டார்.

இடைவெளியை அடைக்க நிலையையே இரண்டு விரல் உள்ளே தள்ளலாம் என்றார் கொத்தனார். பக்கத்துச் சந்துக்காரர். அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதத்தில்தான் அவர் மகனுக்கு முதல் வேலை கிடைத்தது. அந்த நன்றியை முழுக்க உளியில் காட்டினார். நாலாவது அடியில் நிலை அசைந்தது. ஐந்தாவது அடியில் கையோடு வந்தது. ஆறாவது அடியை அவர் அடிக்கவில்லை. மேலே இருந்த ஏழு செங்கல்லும் தாமாகவே இறங்கிவிட்டன.

இப்போது மன்றத்துக்குக் கதவும் இல்லை, நிலையும் இல்லை. வாய் பிளந்துகொண்டு நின்றது. தெரு நாய் ஒன்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் வெளியே வந்தது.

சலவைக்கடைக்காரர் மறுபடி வந்தார். "அக்கா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"செங்கல் தூசி, எனக்குத் தெரியாதா? துணிக்கு மேல ஒரு போர்வையைப் போட்டு மூடி வைங்க."

அவர் போய்ப் போர்வையைப் போட்டு மூடினார்.

அன்று மதியம் இடிபாட்டுக்கு நடுவில் உட்கார்ந்து எல்லாரும் சாப்பிட்டோம். மூலையில் கேரம் போர்டு மட்டும் ஒரு தூசி இல்லாமல் பளபளவென்று நின்றது. அதை அந்தப் பக்கம் நகர்த்தட்டுமா என்று தச்சர் கேட்டார். அம்மாவுக்குப் பழைய வீரக்கதை ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்தே அப்பாவுக்குக் கேரம் பைத்தியம். ஒரு நாள் ஆட்ட மும்முரத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் மறந்துவிட்டார். வாட்ச்மேன்தான் கையைப் பிடித்துக்கொண்டு வந்து வீட்டில் விட்டார். அந்தப் பிள்ளை நான்தான். எனக்கு அந்த வாட்ச்மேன் கொடுத்த மிட்டாய் மட்டும்தான் நினைவிருக்கிறது.

"ஒரே வார்த்தைதான் சொன்னேன்," என்றாள் அம்மா. "அன்னையிலிருந்து அந்த ஸ்ட்ரைக்கரைக் கையால தொட்டதில்லை மனுஷன். வாக்குன்னா வாக்கு."

தச்சர் தன் மனைவி இந்தப் பேச்சைக் கேட்டுவிடவில்லையே என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். சலவைக்கடைக்காரருக்கு மட்டும் சோறு தொண்டையில் சிக்கிக்கொண்டது. தூசி என்று நினைத்து நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

இன்னும் நாலே நாள். புது மரக்கதவு செய்ய நேரமில்லை. எங்கள் தெரு வெல்டர் ஒருவர் கைகொடுத்தார். அவருடைய பழைய பட்டறைக் கிடங்கின் இரும்புக் கதவு சும்மா கிடக்கிறதாம். யானை முட்டினாலும் அசையாது. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து சாவி போட்டால்தான் திறக்கும். கிடங்குக்குள்ளிருந்து யார் திறக்கப்போகிறார்கள் என்று உள்பக்கம் எதுவும் வைக்கவில்லை. மன்றத்துக்கு ஒரு கைப்பிடி வைத்துத் தருவதாகவும், அது அடுத்த வாரம்தான் ஆகும் என்றும் சொன்னார்.

"பூட்டினா போதும்," என்றாள் அம்மா.

கதவு வாசலைவிட நாலு விரல் அகலமாக இருந்தது. கொத்தனார் சந்தோஷமாக மறுபடி உளியை எடுத்தார். நேரம் மிச்சமிருந்ததால் வெல்டர் ஜன்னல்களுக்கும் கம்பி வைத்தார். பூனைகூட நுழைய முடியாத நெருக்கம்.

பெயின்ட் வேலையை டிரைவர் எடுத்துக்கொண்டார். முப்பது வருடம் ஓட்டிய பழக்கமோ என்னவோ, பிரஷ்ஷைப் பிடித்தால் இடையில் நிறுத்தத் தெரியாது. அசையாமல் நின்ற எல்லாவற்றையும் பச்சையாக்கினார். சுவர், பெஞ்சு, சுவிட்சு, கொத்தனார் மறந்துவிட்டுப் போன கரண்டி. கடைசியாகக் கதவையும் அடித்தார். பூட்டையும் விடவில்லை. சாவித் துவாரத்துக்குள் பிரஷ் நுனியை விட்டு இரண்டு சுற்றுச் சுற்றினார்.

அந்த வாரம் மூன்றாவது தடவையாகச் சலவைக்கடைக்காரர் வாயைத் திறந்தபோது, அம்மா அவர் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்தாள்.

அதிகாரி சொன்ன நாளில் வந்தார், சாயங்காலம் ஆறரைக்கு. அன்றைக்கு அதுதான் கடைசி இடமாம். உள்ளே கால் வைக்கும்போதே கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு மணிக்கு வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறாராம், தாமதமானால் அவர் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். சுவரைத் தட்டினார், பெஞ்சை அசைத்தார், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பேனாவைக்கூட எடுக்கவில்லை.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "சார், நீங்க கதவைப் பார்க்கலையே," என்றாள். "பழைய கதவு அவரைப் படாத பாடு படுத்திச்சு. இதைப் பாருங்க."

ஒரே ஒரு விரலால் தள்ளினாள். அவ்வளவு பெரிய கதவு வெண்ணெய் மாதிரி நகர்ந்து 'டக்' என்று சாத்திக்கொண்டது. அதிகாரி முதல் தடவையாகத் தலையாட்டினார்.

"நல்ல கதவு. திறங்க, போகலாம்."

அப்போதுதான் எல்லாருக்கும் கைப்பிடி அடுத்த வாரம் என்பது ஞாபகம் வந்தது.

உள்ளே அதிகாரி, அம்மா, நான், கேரம் ஆட வந்த மூன்று பையன்கள். சாவியும் உள்ளேதான், அம்மாவின் இடுப்பில். ஜன்னல் கம்பி வழியாகச் சலவைக்கடைக்காரரைக் கூப்பிட்டுச் சாவியை நீட்டினாள். அவர் ஓடிப்போய்த் துவாரத்தில் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. பச்சைப் பெயின்ட் இறுகியிருந்தது. அழுத்தினார், நுழைந்தது. திருப்பினார்.

சிறிய சத்தம் ஒன்று கேட்டது. அவர் ஜன்னலுக்கு வந்து பாதிச் சாவியைக் காட்டினார்.

வெல்டர் ஊரின் அந்தக் கோடியில் வேலையாக இருந்தார். எட்டரைக்குள் வந்துவிடுவதாகப் போனில் சொன்னார். அதிகாரியின் முகம் சுவரைவிடப் பச்சையாகிவிட்டது. அம்மா ஒரு மூலையில் போய் நின்றாள். குப்பைத்தொட்டிகள் வரிசையாக உள்ளே வருவது அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பா இறந்த அன்றுகூட அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"சும்மா இருக்கறதுக்கு ஒரு ஆட்டம் போடலாமா சார்?" என்று பையன்களில் ஒருவன் கேட்டான். "நாலாவது கை குறையுது."

தனக்கு இதெல்லாம் தெரியாது என்றார் அதிகாரி. காய் அடுக்குகிற விதம் தப்பு என்றார். சிவப்பு நட்டநடுவில் இருக்க வேண்டும் என்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார்.

வெல்டர் வந்து பூட்டை அறுத்துக் கதவைத் திறந்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. "ஒரு நிமிஷம், சிவப்பைப் போட்டுட்டு வர்றேன்," என்றார் அதிகாரி. சிவப்பையும் போட்டார், அதற்குத் துணையாகப் போட வேண்டிய காயையும் போட்டார். எழுந்து, பேனாவை எடுத்து, 'கட்டடம் நன்கு புழங்கும் நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அம்மா அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு திறந்திருந்த கதவுக்குப் பின்னால் போய் நின்று கண்ணைத் துடைத்தாள்.

அதிகாரி அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எட்டரை ஆயிடுச்சே. கேரம் ஆடினேன்னு வீட்டுல எப்படிச் சொல்றது?"

கையில் பாதிச் சாவியோடு சலவைக்கடைக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வாரம் முழுக்கப் பேச விடாத மனிதருக்கு, அவருக்குத் தெரிந்த விஷயத்தை ஒருவர் தாமாகவே கேட்டுவிட்டார். கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அவர் பார்க்கவில்லை.

"கதவு மக்கர் பண்ணுச்சுன்னு சொல்லிடுங்க சார். எங்க செயலாளர் பத்தொன்பது வருஷமா அதைச் சொல்லித்தான் தினம் என்கூட ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போவார், வீட்டுல ஒரு நாள்கூடச் சந்தேகம் வந்ததில்லை."

கதவு மெதுவாக அசைந்தது. அம்மா வெளியே வந்தாள். அவரைப் பார்த்தாள். அப்புறம் அவருடைய சைக்கிளைப் பார்த்தாள். எண்ணெய் மினுங்கும் அதன் சங்கிலியையும் வெகுநேரம் பார்த்தாள்.

"ஜெயிச்சது யாரு?" என்றாள்.

"பெரும்பாலும் நான்தான்க்கா."

அம்மா கையிலிருந்த தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தோம். செருப்பைக் கழற்றினாள். எந்தக் கதவுக்கும் இனிப் பொருந்தாத அந்தப் பழைய சாவி அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சுவர்க்கடிகாரத்தில் மணி எட்டே முக்கால்.