இசை இல்லையேல் மீசை இல்லை

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே இருக்கும் வரலாறு மொத்தத்தையும் தனி ஒருவராக உண்டாக்கியவர் ஹிஸ்டரி. சோழர்களும் வெள்ளைக்காரர்களும் ஏதோ கல்லையும் செங்கல்லையும் அடுக்கிவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். அதற்கெல்லாம் கதை, வசனம், சண்டைக்காட்சி சேர்த்தவர் இவர்.

அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. சிதம்பரத்தில் நான் வேலை பார்த்தபோது தங்கியிருந்த மேன்ஷனின் கீழ் ரூம் அவருடையது. வாசலில் ஒரு பழைய வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு மாவட்டம் முழுக்கச் சுற்றிக் காட்டுவார். காலையில் வரலாறு, மாலையில் ஏதாவது ஒரு பழைய மண்டபத்தில் நேரடி நாதஸ்வரக் கச்சேரி. சீட்டு காலியாக இருந்தால் என்னையும் அள்ளிப் போட்டுக்கொள்வார். "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் சார். நான் பேசி முடிச்சதும் மொத கைத்தட்டு நீங்க தட்டணும். மத்தவங்க தானா தட்டுவாங்க" என்பார். ஓசியில் ஊர் பார்க்கும் ஆசையில் நானும் உள்ளங்கை சிவக்கத் தட்டினேன்.

அவர் வரலாற்றில் ஒரே ஒரு ராஜாதான். பெயர் கிடையாது. கோயிலைக் கட்டியவர், குளத்தை வெட்டியவர், கோட்டையைக் கட்டி மனசு மாறி இடித்தவர், எல்லாம் அவரே. ஒருநாள் கேட்டேன், "ராஜாவுக்குப் பேரு இல்லையா?" என்று.

வேனை ஓரம் கட்டிவிட்டுத்தான் பதில் சொன்னார். "பேரு சொன்னேன்னு வைங்க, எந்த ஜாதி ராஜான்னு கேப்பாங்க. ஒண்ணைச் சொன்னா மத்தவங்க வண்டிக் கண்ணாடிய ஒடைப்பாங்க. பேரே இல்லன்னா எல்லாருக்கும் சொந்தக்காரரு சார்."

இதைவிடப் பொறுப்பான வரலாற்று ஆசிரியர் இந்த மாநிலத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. இடிந்த சுவர் ஒன்றைக் காட்டியபோது ஒரு அம்மா, "இது எந்த நூற்றாண்டு?" என்றார். "உங்களுக்கு எது தோதுப்படும்?" என்று கேட்டவரும் இவர்தான். பரங்கிப்பேட்டைக்கு அவர் ஒதுக்கியது இரண்டே வாக்கியம். "அந்தக் காலத்துல வெளிநாட்டுக்காரன் கப்பல்ல இங்க வந்தான். இப்ப இந்த ஊர்க்காரங்க பிளேன்ல அங்க போறாங்க. வரலாறு முடிஞ்சிது, வண்டியில ஏறுங்க."

வரலாற்றில் இப்படித் தாராளமாக இருந்தவர் இசை விஷயத்தில் மட்டும் மகா கறார். லைவ் என்றால் லைவ். ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுவிட்டு விளக்கேற்றும் விழாக்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சின்னக் கோயில்களில் சுவிட்சைப் போட்டால் தானாக மேளமும் மணியும் அடிக்கும் மின்சார மெஷின் உண்டே, அது அவருக்கு ஜென்ம விரோதி. "மனுசன் மூச்சு உள்ள போயி வெளிய வரணும் சார். மோட்டாருக்கு எதுக்கு பக்தி?" என்பார்.

அந்தக் கறாரில்தான் டூர் நோட்டீஸில் ஒரு வரியை அச்சடித்துவிட்டார்: 'இசை இல்லையேல் மீசை இல்லை.' நேரடி நாதஸ்வரம் கேட்காமல் ஒரு பயணம் முடிந்தால் அன்றைக்கே மீசையை எடுத்துவிடுவதாகச் சத்தியம். மீசை என்றால் சும்மா மீசை அல்ல. ஆள் திரும்பி நின்றாலும் இரண்டு பக்கமும் தெரியும். பேசும்போது முறுக்குவார், பேசாதபோது தடவிக்கொடுப்பார். வேன் ஸ்டார்ட் ஆகாத நாட்களில் அதைத் தொட்டுக் கும்பிட்டதைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

மீசையை இத்தனை நாள் காப்பாற்றிக் கொடுத்தவன் மேல்பட்டாம்பாக்கத்து சேகர். அவருடைய டூருக்கெல்லாம் நாதஸ்வரம் அவன்தான். மற்ற நாட்களில் பெரிய வித்வான்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரெண்டாவது நாயனம் வாசிப்பான். அவர்கள் மூச்சு வாங்கும்போது இவன் இழுத்துப் பிடிக்க வேண்டும், கைத்தட்டல் வரும்போது இவன் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். அதுதான் உத்தியோகம்.

ஒரு ஆவணி மாதம். சென்னையிலிருந்து ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்தார் வருவதாக ஏற்பாடு. அவர்களுக்குப் பிடித்துப்போனால் மாதா மாதம் ஒரு குழுவை அனுப்புவதாகச் சங்கத்தின் தலைவர் போனில் சொல்லியிருந்தார். ஹிஸ்டரிக்குத் தலைகால் புரியவில்லை. ராஜாவுக்குப் புதிதாக இரண்டு போர்கள் தயார் செய்தார். வேனுக்குப் புது ஏர் ஹாரன் மாட்டினார்.

டூருக்கு முந்தின வெள்ளிக்கிழமை நாங்கள் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சேகர் வந்தான். உட்காரவில்லை.

"மாமா, ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஒரு பெரிய எடத்துல மாப்பிள்ள அழைப்பு. கடலூரு ரோட்டு மண்டபம். சொந்தமா செட்டு கட்டிக்கினு வரச் சொல்றாங்க. நான்தான் மொத நாயனம்."

"சரி."

"நம்ம டூரு இருக்குதுல்ல. அதான் முடியாதுன்னு சொல்லிடலாம்னு..."

ஹிஸ்டரி டீயைக் கீழே வைத்தார். ஒரு பக்க மீசையை முறுக்கினார். பிறகு மறுபக்கம்.

"டூரு கேன்சல்டா மாப்ளே. மெட்ராஸ்காரங்களுக்கு ஜொரமாம்."

"எல்லாருக்குமா மாமா?"

"ஒரே பில்டிங்ல இருக்காங்கல்ல? பரவிடுச்சி. நீ போயி வாசி."

சேகர் அவர் காலைத் தொட்டுவிட்டு ஓடினான். நான் வாயைத் திறப்பதற்குள் ஹிஸ்டரி, "வேற ஆளா இல்ல இந்த ஜில்லாவுல? புடிச்சிக்கலாம் சார்" என்றார். அப்புறம்தான் காலண்டரைப் பார்த்தோம். திங்கட்கிழமை பெரிய முகூர்த்தம். மங்கலம்பேட்டையிலிருந்து கடற்கரை வரைக்கும் நாதஸ்வரத்தைத் தொட்டவன் எவனும் வீட்டில் இல்லை.

ஞாயிறு காலை கடலூரில் அவர்களை ஏற்றினோம். தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. கையில் ஃபைல், அதில் நிமிடக் கணக்கில் நிகழ்ச்சி நிரல், மேலாக நம் நோட்டீஸ். ரசிப்பதற்குக்கூட நேரம் ஒதுக்கியிருந்தார். கோட்டையில் மற்றவர்கள் வரலாற்றுக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்தார்கள். ஒருவர், "இங்க நெட் கிடைக்கலையே, ராஜா எப்படி இருந்தார்?" என்று கவலைப்பட்டார்.

வழியில் ஒரு சிற்றூர்க் கோயிலில் மேளச் சத்தம் கேட்டது. ஹிஸ்டரி பாய்ந்து இறங்கினார். உள்ளே ஆளில்லை, மெஷின்தான் தனியாக நின்று அடித்துக்கொண்டிருந்தது. தலைவர் அதை ஒருமுறை சுற்றிவந்தார். "இது லைவா?"

"இல்ல சார்" என்றார் ஹிஸ்டரி. பொய்யே தொழிலாக வைத்திருந்த மனுஷனுக்கு அந்தப் பொய் மட்டும் வரவில்லை.

சிதம்பரம் போனபோது கோயில் நடை சாத்தியிருந்தது, உள்ளே பூஜை நாயனம் கேட்கும் வழியும் போச்சு. காரணம், சங்கத்தார் வழியில் டிபன் சாப்பிட்ட விதம். கத்தரிக்காய் கொத்சுக்காக மட்டுமே இட்லியை மறுபடி மறுபடி வாங்கினார்கள். சாயங்காலம் நடை திறக்கும் வரை காத்திருக்க நிகழ்ச்சி நிரலில் இடமில்லை என்றார் தலைவர். வெளியே நின்று கோபுரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். வேனில் ஒரு அம்மா பாட்டு கற்றவர் என்று தெரிந்ததும் ஹிஸ்டரி கெஞ்சினார், "ஒரே ஒரு பாட்டு மேடம், மண்டபத்துல நின்னு!" தலைவர் விடவில்லை. "எங்க ஆளே பாடறதுக்கு நாங்க எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்? தவிர, நோட்டீஸ்ல நாதஸ்வரம்னு போட்டிருக்கு."

பொழுது சாயும் நேரத்தில் கடலூர் ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். தூரத்தில் சீரியல் பல்பு போட்ட கல்யாண மண்டபம். வாசலில் விரித்த ஜமுக்காளத்தில் நடுநாயகமாக உட்கார்ந்து, கன்னம் உப்ப, கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தான் சேகர். சுற்றிலும் கூட்டம்.

"நாதஸ்வரம்! நிறுத்துப்பா!" என்று தலைவரே எழுந்துவிட்டார்.

நிறுத்தினால் போதும். மீசை பிழைக்கும், மாதா மாதம் குழு வரும். ஆனால் நிறுத்தினால் சேகர் கண்ணைத் திறந்து வேனைப் பார்ப்பான். ஜுரம் வந்ததாகச் சொன்ன மெட்ராஸ்காரர்கள் தொப்பையோடு இறங்குவதைப் பார்ப்பான். பாதி ராகத்தில் எழுந்து ஓடிவந்து, "மாமா, எனக்காகவா?" என்று நிற்கக்கூடிய ஆள் அவன்.

ஹிஸ்டரி ஏர் ஹாரனில் கையை வைத்தார். எடுக்கவே இல்லை. வேன் மண்டபத்தைத் தாண்டிப் பறந்தது.

"யோவ், லைவா வாசிக்கிறான்யா! என் கண்ணால பார்த்தேன்!"

"ரெக்கார்டு சார்!" ஹாரனுக்கு மேலே கத்தினார் ஹிஸ்டரி. "சும்மா வாயில வச்சிக்கினு உக்காந்திருக்கான். பென் டிரைவு! எல்லாம் செட்டப்பு!"

கடலூர் வந்ததும் தலைவர் நோட்டீஸை நீட்டினார். மஞ்சக்குப்பத்தில் ஒரு சலூனுக்கு முன்னால் ஹிஸ்டரியே வேனை நிறுத்தினார். நாற்காலியில் மகாராஜா மாதிரி உட்கார்ந்து, "எடுப்பா" என்றார். சங்கத்தார் அத்தனை பேரும் போனைத் தூக்கிப் பிடித்து அதை முகநூலில் ஒளிபரப்பினார்கள். அந்த டூரிலேயே லைவாக நடந்த நிகழ்ச்சி அது ஒன்றுதான். மாதா மாதம் வருவதாகச் சொன்னவர்கள் அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம், முகூர்த்தம் முடிந்த கையோடு சேகர் தாம்பூலப் பையும் லட்டுமாக மேன்ஷனுக்கு வந்தான். ஹிஸ்டரியைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இன்னா மாமா இது கோலம்!"

"வெயிலு ஜாஸ்தி மாப்ளே. கசகசன்னு இருந்துச்சி. எடுத்துட்டேன்."

"வாசிப்பு நல்லா அமைஞ்சிடுச்சி மாமா. அடுத்தடுத்து ரெண்டு கல்யாணம் சொல்லிட்டாங்க. நடுவுல எவனோ ஒரு வேன்காரன் ஹாரன அமுக்கிக்கினே போனான். நாசமாப் போறவன்."

"விடுடா. அவனுக்கெல்லாம் சங்கீதத்தப் பத்தி இன்னா தெரியும்?" என்றார் ஹிஸ்டரி.

நான் ஒரு முழு லட்டை வாயில் திணித்துக்கொண்டேன். அந்த ஜில்லாவில் நான் கும்பிட நினைத்த ஒரே ராஜா இந்த மனுஷன்தான்.

சேகர் தெருமுனை தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தவர், கைப்பழக்கத்தில் மீசையை முறுக்கப் போய், ஒன்றும் அகப்படாமல் வெறும் உதட்டைத் தடவிக்கொண்டார். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"பையன் எப்படி சார் வாசிச்சான்? நான் ஹாரன் அடிச்சதுல எனக்கு ஒண்ணுமே கேக்கல."