ஃபுல் ஃபிரேமில் நவமணி அக்காளின் முழங்கை

மனித குலம் சந்தித்த அறிவியல் சிக்கல்களுள் மிகக் கடினமானது, எங்கள் ஆண்டு விருந்துப் படத்தில் நவமணி அக்காள் ஏன் வருவதில்லை என்பதுதான். மலேசியாவில் சுங்காய்ப் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டம் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டமாகிவிட, ஈப்போவுக்கு வந்த ஜனங்கள் அமைத்த சங்கம் இது. விருந்துக்குச் சமைப்பவர் அக்காள். எல்லோரும் வரிசையில் நின்ற பிறகுதான் கைகழுவிவிட்டு வருவார். ஓரத்தில்தான் இடம் கிடைக்கும். போன ஆண்டுப் படத்தில் அவருடைய காது மட்டும் வந்திருந்தது.

"அடுத்த மாசம் மகன்கூட ஜொகூருக்குப் போயிருவேன் தம்பி. இந்த ஜனங்களோட முழுசா ஒரு படம் வேணும்லா," என்றார்.

'கேமரா இலாகா'வின் செயலாளர் என்ற முறையில் அவசரக் கூட்டம் கூட்டினேன். எங்களுடையது 'கிராப் சென்சார்' கேமரா. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த சங்கத் தலைவர் அர்ச்சுனன் அண்ணன் தேர்ந்தெடுத்தது. தோட்டத்தில் கிராப் என்றால் அன்றைக்கு இறங்கிய ரப்பர் பால். பெயரிலேயே கிராப் இருப்பதால் படமும் நிறைய இறங்கும் என்பது அவரது தொலைநோக்கு.

"அண்ணே, இது வெட்டுற கிராப்," என்று ரொட்டி சானாய் ஒன்றை வைத்து விளக்கினேன். "லென்ஸ் இந்த ரொட்டி மாதிரி வட்டமா வெளிச்சம் போடுது. படத்தப் புடிக்கிற சென்சார் பெருசா இருந்தா அதுல நெறைய எடுத்துக்கும். சின்னது நடுவுல மட்டும் பிச்சுக்கும். ஓரம் போயிரும்."

"அப்ப நவமணி ரொட்டியோட ஓரமா?"

"ஆமாண்ணே."

"ஓரந்தான் மொறுமொறுன்னு இருக்கும்," என்று அவர் அதைத் தின்றார். ஆதாரம் அழிந்தது.

பின்னால் நகர்ந்து எடுக்கலாம் என்றால் மண்டபச் சுவர் ஒத்துழைக்கவில்லை. எனவே, பெரிய சென்சார் உள்ள 'ஃபுல் ஃபிரேம்' கேமரா ஒன்றை இரவல் வாங்குவதென ஏகமனதாகத் தீர்மானித்தோம். எங்கள் லென்சையே அதில் மாட்டிப் பார்த்தேன். இரு பக்கமும் தாராளமாக இடம் பிறந்தது.

விருந்தன்று அந்த இடத்தைத் திரையில் கண்டு செயற்குழு பூரித்தது.

"இவ்ளோ இடம் சும்மா கெடக்குலா," என்றார் தலைவர்.

உடனே, வழக்கமாக முன்வரிசை நடுவில் போடும் நிர்வாகிகளின் சோபாவுக்கு இருபுறமும் ஆலோசகர்கள், காப்பாளர்கள், டத்தோ பட்டத்துக்குக் காத்திருப்பவர்கள் எனப் புதுச் சோபாக்கள் முளைத்தன. படம் எடுத்தேன். அக்காளின் முழங்கை அற்புதமாக வந்திருந்தது. ஃபுல் ஃபிரேமின் துல்லியமே தனி.

அக்காள் பார்த்தார். "போன வருசம் காது, இந்த வருசம் முழங்கை. சேத்து ஒட்டிக்குங்க தம்பி. நான் சட்டி கழுவப் போறேன்."

தலைவர் கவலையுடன் கேட்டார்: "இதவிடப் பெரிய சென்சார் இருக்கா?"

"இருக்குண்ணே. அதுக்குத் தக்கன சோபாவும் உங்ககிட்ட இருக்கு."

கடைசியில் பலித்த வழி இதுதான்: சோபாக்களை எல்லாம் வெளியே தூக்கிப் போட்டோம். நிர்வாகிகளைப் பின்வரிசையில் நெருக்கி நிற்க வைத்தோம். அக்காளைச் சட்டியை வைத்துவிட்டு வரச்சொல்லி, நடுவில் நிறுத்தினோம். பழைய கிராப் கேமராவிலேயே எடுத்தேன். எல்லோரும் முழுதாக வந்தார்கள். இத்தனை ஆண்டும் அக்காளை வெட்டிவந்தது எங்கள் செயற்குழு.