தும்பியின் முதுகும் பெலான் அண்ணனும்

ஜப்பான்காரன் ஆண்ட அந்த மூன்றரை வருஷத்தில் கோலாலம்பூரில் எதற்கும் ஓடாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். சைரன் ஊதினாலும் ஓடமாட்டார். அரிசி வந்துவிட்டதாம் என்று ஊரே பாசார் சந்தையைப் பார்க்கப் பறந்தாலும் ஓடமாட்டார். ஓடினால் கையில் இருக்கிற நாய் குலுங்கும் என்பது அவர் கட்சி.

அவருடைய பெயரைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வரிசை வீடுகளில் எல்லோருக்கும் அவர் பெலான் அண்ணன். மலாய்க்காரர்கள் மெல்ல, மெல்ல என்பதற்கு ‘பெலான், பெலான்’ என்பார்கள். அவர் வாயில் நாள் முழுக்க அதுதான். தண்ணீர் தூக்கிப் போகிறவளுக்கும் பெலான், சைக்கிளில் வருகிறவனுக்கும் பெலான். எங்கள் கல்யாணத்தில் மேளக்காரரிடமே போய்ச் சொன்னார். காலடியில் நாய் தூங்கிக்கொண்டிருந்ததாம், அது திடுக்கிட்டுக் குதித்துவிடுமாம்.

அவர் ஒரு ஜெர்மன் எஞ்சினீயருக்குக் கார் ஓட்டியவர். ஐரோப்பாவில் சண்டை மூண்டதும் வெள்ளைக்காரப் போலீஸ் அந்த ஜெர்மன்காரரைக் கொண்டுபோய் முகாமில் அடைத்தது. காரை எடுத்துக்கொண்டது, வீட்டைப் பூட்டியது. நாயை மட்டும் யாரும் கேட்கவில்லை. அண்ணன் அதை ஒரு பழக்கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்து சேர்ந்தார்.

அப்படி ஒரு நாயை நாங்கள் பார்த்ததில்லை. கால் நாலும் ஒரு சாண்கூட இல்லை. உடம்பு மட்டும் நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும். காது இரண்டும் தரையைத் தொடும். ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து வேட்டையாடுகிற ஜாதியாம் அது. லும்பி என்று ஜெர்மன்காரர் வைத்த பெயர் எங்கள் வாயில் நுழையாமல் இரண்டே நாளில் தும்பி ஆனது.

போலீஸ்காரன் பக்கத்தில் நிற்க, அவருடைய துவான், அந்த ஜெர்மன் முதலாளி, புறப்படும்போது சொன்னவற்றை அண்ணன் வேதமாகப் பிடித்துக்கொண்டார். இந்த ஜாதிக்கு முதுகுதான் உயிர். குதிக்க விடாதே, படி ஏற விடாதே. கொழுக்க விடாதே, கொழுத்தால் முதுகு போய்விடும். மழையில் நனைந்தால் காதுக்குள் ஈரம் நிற்காமல் துடை. பல்லைப் பார், நகத்தைத் தேய். ஒழுங்காக வைத்துக்கொண்டால் பதினாலு வயது வரைக்கும் இருக்கும்.

வீட்டு வாசலில் இருந்த இரண்டு படிக்கும் பலகை போட்டுச் சரிவாக்கினார். வந்தவர்கள் எல்லாம் அதில் வழுக்கி விழுந்தார்கள், நாய் மட்டும் ஒய்யாரமாக இறங்கிப் போனது. தூக்குவதென்றால் ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்னங்காலுக்கடியில். பச்சைப் பிள்ளையைக்கூட நாங்கள் அப்படித் தூக்கியதில்லை. காலையில் அவர் கரித்தூளால் தன் பல்லைத் தேய்த்து முடித்ததும், ஈரத்துணியை விரலில் சுற்றிக்கொண்டு அதற்கும் தேய்ப்பார். அது வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்.

“இதெல்லாம் கொஞ்சம் ஓவர் லா அண்ணே,” என்று நான் ஒரு தடவை சொன்னேன்.

“பல்லு கெட்டா நெஞ்சு கெடும்மா சரசு. துவான் சொன்னாரு,” என்றார். “நீ தேய்ச்சியா?”

பிறகு ஜப்பான்காரன் வந்தான். அப்போது தும்பிக்கு ஒன்பது வயதிருக்கும், மூக்கைச் சுற்றி நரை விழத் தொடங்கியிருந்தது. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. துணி போனது, மருந்து போனது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த அச்சகமும் மூடிக்கொண்டது. அவர் கிடைத்த கூலி வேலைக்குப் போனார். வாரம் ஒரு முறை அண்ணன் கூடையில் நாயோடு சைக்கிளை மெல்ல மிதித்துக் கிள்ளான் வரைக்கும் போவார். அந்தப் பக்கத்து மீனவர்களுக்கு வலை பழுது பார்த்துக் கொடுத்து, நெத்திலியும் மீன் தலையும் வாங்கி வருவார். உப்புப் போக ஊறவைத்து, கிழங்கோடு மசித்து, நாய்க்கு முதலில் வைத்துவிட்டுத்தான் அவர் பசியாறுவார்.

நாய் சரியான உடம்பில் இருக்கிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. கையால் தடவினால் விலா எலும்பு தெரிய வேண்டும், கண்ணால் பார்த்தால் தெரியக்கூடாது. ஒரு நாள் பைப்படியில் என் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் அப்படியே நின்று பார்த்தார்.

“சரசு, மாணிக்கத்துக்கு எலும்பு கண்ணுக்கே தெரியுது. இது சரியில்ல லா.”

மறுநாளிலிருந்து நெத்திலியில் ஒரு பங்கு எங்கள் வீட்டுக்கு வந்தது. நாய்க்கு வாங்கியதை மனுஷனுக்குத் தருகிறாரே என்று எனக்குக் கோபம். ஆனால் மிளகாய் கிள்ளிப் போட்டுக் குழம்பு வைத்துவிட்டேன்.

சடக்கு முனையில், ரோடு திரும்புகிற இடத்தில், ஜப்பான் சிப்பாய்கள் நிற்பார்கள். போகிறவர் எல்லாரும் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும். ஒரு காலை நானும் அந்த வரிசையில் நின்றேன். ஒரு ஆபீசர் தும்பியைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி, “ஜெர்மன்! ஜெர்மன்!” என்றார். கூட்டாளி நாட்டு நாய் என்றதும் அவனுக்கு இன்னும் குஷி. குனிந்து, முன்னங்கால் இரண்டையும் பிடித்து அப்படியே மேலே தூக்கினான். தும்பியின் முழு நீளமும் அந்தரத்தில் தொங்கியது.

“பெலான்! பெலான்!”

ஜப்பான் ஆபீசரைப் பார்த்து அதட்டிய குரல் அது. அதோடு விடவில்லை, பாய்ந்து போய் நாயின் பின்பக்கத்தைக் கையில் ஏந்திக்கொண்டார். ஆபீசர் ஒரு கையால் நாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அண்ணனை ஓங்கி ஓர் அறை விட்டான். அண்ணன் தள்ளாடினார், ஏந்திய கைகளை மட்டும் எடுக்கவில்லை. அவன் அந்தக் கைகளைப் பார்த்தான். பிறகு நெஞ்சுக்கடியில் ஒரு கை கொடுத்து, ஒழுங்காக, அவர் தூக்குகிற மாதிரியே நாயை அவரிடம் தந்தான்.

வீடு வந்ததும் நான் வெந்நீர் ஒத்தடம் கொண்டுபோனேன். அவர் நாயின் முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முதல்ல உங்க கன்னத்தைப் பாருங்கண்ணே.”

“கன்னம் தானா ஆறிடும்மா. முதுகு அப்படியில்ல.”

அன்று தப்பிய முதுகு, அடுத்த வருஷம் யாரும் தொடாமலே போனது. வயதுதான் காரணம். ஒரு காலை தும்பி எழுந்திருக்கப் பார்த்தது. முன்பாதி எழுந்தது, பின்பாதி வரவில்லை. கால்களைத் துணி மாதிரி இழுத்துக்கொண்டு அண்ணனிடம் போனது. அவர் முகத்தை அன்று நான் பார்த்திருக்க வேண்டாம்.

நடமாட முடியாதபடி அதை ஒரு மரப்பெட்டிக்குள் படுக்கவைத்தார். அசையாமல் கிடந்தால் முதுகு சேர்ந்தாலும் சேரும், இல்லாவிட்டால் இல்லை. ஒன்றுக்கு இரண்டுக்குப் போக மட்டும் வெளியே எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள் தேவை. ஒருவர் முன்பக்கத்தைத் தாங்க, இன்னொருவர் வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். துண்டு பிடிக்கிற வேலை என் வீட்டுக்காரருக்கு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் இலவச சினிமா வந்தது. கொட்டகையில் சாயங்காலம் படம், வருகிறவர்களுக்கு அரிசிப் பொட்டலம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். அரிசி என்ற வார்த்தையைக் கேட்டே எத்தனையோ நாளாகியிருந்தது. என் வீட்டுக்காரரின் சிநேகிதர் சுப்பையா, அடுத்த வரிசையில் இருந்தவர், தலையைச் சீவிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

“மாணிக்கம், கெளம்பு லா. லேட்டா போனா அரிசி கெடைக்காது.”

என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். அண்ணன் பெட்டிப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். “தம்பி, ஒரே ஒரு தடவை பிடிச்சுட்டுப் போயிடேன். காலையிலேர்ந்து போகல.”

சுப்பையா முன்னால் நடந்தார். தும்பி லேசில் போகவில்லை. அண்ணன் அதன் காதில் கெஞ்சிக்கொண்டிருந்தார், இவர் துண்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி நின்றார். இருட்டு கட்டத் தொடங்கிவிட்டது. போன அரிசியை நினைத்து நான் கதவோரம் நின்று முணுமுணுத்தேன். நாயை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கடைசியில் அது போய் முடிந்தபோது, இனிமேல் போய் என்ன பிரயோஜனம் என்று இவர் சட்டையைக் கழற்றிவிட்டார்.

காலையில் செய்தி வந்தது. படம் பாதியில் நிற்க, கதவுகளைச் சாத்தி, ஆம்பளைகளை மட்டும் பின்வாசல் வழியாக லோரியில் ஏற்றிவிட்டார்கள். சயாமுக்கு, ரயில் பாதை போட. சுப்பையாவும் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் அண்ணன் வீட்டுக்குப் போய் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணனுக்கு ஒன்றும் முன்கூட்டித் தெரியாது, நாய்க்காகத்தான் கூப்பிட்டார். அதை யாராவது புகழ்ந்து சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

சுப்பையாவின் மனைவி அஞ்சலைக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. இரண்டு நாள் கழித்து நேராக வந்து அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

“இந்த நாய்க்கு ஒண்ணுக்கு வந்ததால சரசு புருஷன் வீட்ல இருக்காரு. என் புருஷன் எங்க இருக்காருண்ணே?”

அண்ணன் தலை குனிந்துகொண்டார். நான் சுவரைப் பார்த்தேன்.

இனி இங்கே இருந்தால் ஆபத்து என்று என் வீட்டுக்காரர் காப்பார் என்ற ஊர்ப்பக்கம் ஒரு சொந்தக்காரரின் மரவள்ளித் தோட்டத்துக்குப் போய் ஒளிந்துகொண்டார். துண்டு பிடிக்க ஆள் இல்லாமல் போனது. நான் பிள்ளைத்தாச்சி, குனிய முடியாது. அடுத்த நாள் அண்ணன் தனியாக நாயோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது அஞ்சலை வந்தாள். ஒன்றும் சொல்லாமல் துண்டின் இரண்டு முனையையும் கையில் வாங்கிக்கொண்டாள். ஏன் வந்தாள் என்று அவளிடம் நான் கேட்டதில்லை. ஏதோ ஒன்றை நிற்கவைக்க வேண்டும் போல் இருந்திருக்கலாம்.

பல வாரம் அப்படியே போனது. ஒரு நாள் அஞ்சலை துண்டைத் தளர்த்திப் பார்த்தபோது தும்பி நின்றது. குடித்தவன் மாதிரி பின்பக்கம் ஆடியது, ஆனாலும் நின்றது. “அண்ணே! நிக்குது லா!” என்று அவள் போட்ட சத்தத்தில் வரிசையே ஓடி வந்தது. அண்ணன் மட்டும் நடந்து வந்தார்.

அதற்குப் பிறகு தும்பி கிழவனானது. கண்ணில் நீலம் பாய்ந்தது, காது கேட்காமல் போனது. கூப்பிட்டால் வராது என்பதால் அண்ணன் தரையைக் காலால் தட்டுவார். அதிர்வு தெரிந்து திரும்பிப் பார்க்கும். பல் சில விழுந்ததும் அஞ்சலை கிழங்கைக் கூழாகக் கரைத்து ஊட்டினாள். முன்பு காலையில் ஒரே நடையாக நடந்ததை, அண்ணன் நாளுக்குச் சின்னச் சின்ன நாலு நடையாக்கினார். குளிர்ந்த தரையில் படுக்கக்கூடாதென்று தன் பழைய டிரைவர் கோட்டை அதற்கு விரித்தார். அவருக்கு இருந்த கடைசி நல்ல துணி அது.

வெள்ளைக்காரன் விமானங்கள் வந்து ரயில் பட்டறைப் பக்கம் குண்டு போட்ட அன்று நாங்கள் எல்லாரும் பதுங்கு குழிக்குள் விழுந்தடித்து இறங்கினோம். நான் கைப்பிள்ளையோடு எட்டிப் பார்த்தேன். புகைக்கு நடுவே அண்ணன் இரண்டு கையிலும் நாயை ஏந்திக்கொண்டு, கோயிலுக்குத் தட்டு எடுத்துப் போகிறவர் மாதிரி வந்துகொண்டிருந்தார்.

“ஓடி வாங்கண்ணே! செத்துருவீங்க!”

“தூங்குதும்மா,” என்றார்.

ஜப்பான்காரன் சரணடைவதற்குச் சில வாரம் முன்பு, மத்தியானக் கூழைக் குடித்துவிட்டு, கோட்டின் மேல் படுத்த தும்பி எழுந்திருக்கவில்லை. அண்ணன் தரையைத் தட்டினார். இன்னொரு முறை தட்டினார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

அந்த மூன்றரை வருஷத்தில் எங்கள் வரிசையில் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். மலேரியாவில், கால் வீங்கி, சோறில்லாமல், சயாமில். வயதாகிச் செத்தது தும்பி ஒன்றுதான். வலியில்லாமல், வயிறு நிறைந்து, தன் இடத்தில் படுத்து. அப்படியும் சாக முடியும் என்பதை நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

ஆற்றங்கரை ஓரம் குழி வெட்டினார்கள். ஒரு நாயின் சாவுக்கு வரிசையே வந்து நின்றது. அண்ணன் கோட்டோடு சேர்த்து அதை உள்ளே வைத்தார். அப்போது அஞ்சலை மண்ணில் உட்கார்ந்து, அடிவயிற்றிலிருந்து ஓலமிட்டாள். லோரி போன நாளிலிருந்து அழாதவள். அழுவதற்கு அவளுக்கு ஒரு உடலும் கிடைக்கவில்லை, ஒரு செய்தியும் வரவில்லை. அவள் யாருக்காக அழுகிறாள் என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்தது.

யாரோ அவளைத் தூக்கிவிடப் போனார்கள். அண்ணன் வேண்டாமென்று கை காட்டினார். மழை பிடித்துக்கொண்டது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, ஒரு பிடி மண்கூடத் தள்ளாமல், அவள் அழுது முடிக்கிற வரைக்கும் அந்த மனிதர் நனைந்தபடி நின்றார். நாங்களும் அவரோடு நின்றோம்.