மூன்று தட்டும் ஒரு டைனமோவும்

அந்தச் சனிக்கிழமை நான் ஒரு வீர முடிவு எடுத்தேன். இன்றைக்கு என் கை சைக்கிள் மிதியைத் தொடாது.

விளங்கச் சொல்லவேண்டும். எங்கள் ஊரான தண்ணீரூற்றில் அப்போது சண்டையால் மின்சாரம் இல்லை. தடை போட்டிருந்ததால் றேடியோவுக்குப் பற்றறியும் வன்னிக்குள் வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றினால் டைனமோ ஓடும். டைனமோ ஓடினால், கசற்றும் போடக்கூடிய எங்கள் றேடியோ பேசும். ஆனால் சுற்றுகிறவனின் காதுக்குள் செயின் கடகடக்கும்; றேடியோவில் ஆரவாரம் கேட்கும், சொல் கேட்காது. எங்கள் வீட்டில் சனிக்கிழமை நாடகத்தைக் கதிரையில் இருந்து கேட்பவள், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கும் என் மனைவி புனிதம். சுற்றுகிறவன் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்தமுறை அதை மாற்றியே ஆகவேண்டும். கனடாவிலிருந்து மச்சான் றஜித் ஒரு கசற் அனுப்பியிருந்தான். பிளாக் அங்கர் என்ற ஹெவி மெற்றல் பாட்டுக் கூட்டத்தின் கசற். பத்துப் பாட்டில் ஒரே கதையாக அவர்கள் முன்பு போட்ட கசற்றை நான் இளந்தாரியாக இருந்தபோது நாடா தேயத் தேயக் கேட்டவன். வெளிச்சவீட்டுக் காவல்காரன் ஒருவன் மனைவியோடு கோபித்துக்கொண்டு கடலுக்குப் போகிறான். கடைசிப் பாட்டின் முடிவில் யாரோ மூன்று தரம் கதவைத் தட்டுகிறார்கள். அவ்வளவுதான். அவள் திறந்தாளா? பன்னிரண்டு வருடமாக எனக்கு அந்தக் கவலை. இப்போது இரண்டாம் பாகம் வந்திருக்கிறது. அட்டைப் படத்தில் பாட்டுக்காரனுக்குத் தலைமயிர் போய்விட்டது, கோபம் போகவில்லை.

வலது கையில் நல்லெண்ணெய் பூசி, சீலைத்துண்டால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டேன்.

"என்னப்பா கையிலை?"

"பிடிச்சிட்டுது, புனிதம். தண்ணி அள்ளேக்கை."

"தண்ணி அள்ளினது நானெல்லோ."

"முந்தநாள் நான் அள்ளினனான். இண்டைக்குத்தான் நோகுது."

"அப்ப நாடகம்?"

"நீர் சுத்துமன். நான் கேட்டுச் சொல்லுறன்."

பாவம், சுற்றினாள். நாடகம் முடிந்ததும் நான் கசற்றைப் போட்டேன்.

"சில்லு சூடாக் கிடக்கேக்கை இதையும் ஒருக்கா, புனிதம்."

"எவ்வளவு நேரம்?"

"சின்னக் கசற்தான்."

முதல் பாட்டு முழங்கியது. முற்றத்துக் கோழிகள் வேலி தாண்டின.

"இதென்ன, ஆரையும் அடிக்கினமோ?"

"இல்லை. கடல் கொந்தளிக்குது. நிப்பாட்டாதேயும்."

மூன்றாம் பாட்டில் ட்ரம் தொடங்கியது. நானும் தொடங்கினேன். கதிரைக் கையில் இரண்டு கையாலும் வெளுத்து வாங்கினேன். கட்டு அவிழ்ந்து மடியில் விழுந்ததைப் புனிதம் பார்த்தாள். பார்த்தபடியே சுற்றினாள். அப்போதே நான் பயந்திருக்கவேண்டும்.

மற்றப் பக்கமும் ஓடிக் கடைசிப் பாட்டுக்கு வந்தது. கதவு தட்டும் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று. நான் கதிரை நுனிக்கு வந்துவிட்டேன். பாட்டுக்காரன் வாய் திறந்தான். அவன் குரல் எருமைக் குரலாகி, இழுபட்டு, நின்றுபோனது.

"ஏன் நிப்பாட்டினனீர்?"

"எனக்கும் கை பிடிச்சிட்டுது."

"புனிதம், கதவு தட்டுறான்."

"தட்டட்டும். நோகிற கையோடை நான் என்ன செய்ய?"

அவள் வந்து என்னை எழுப்பிவிட்டுக் கதிரையில் இருந்தாள். நான் மானத்தோடு ஐந்து நிமிடம் பொறுத்தேன். பன்னிரண்டு வருடம் பொறுத்தவனுக்கு அந்த ஐந்து நிமிடம் தாங்கவில்லை. நிலத்தில் குந்தி, மிதியைப் பிடித்து, வலது கையாலேயே சுற்றினேன்.

"கொஞ்சம் மெதுவாப்பா. அந்தாள் கீச்சிடுறார்."

மெதுவாகச் சுற்றினேன். எனக்குச் செயின் பாடியது. புனிதம் றேடியோவில் காதை வைத்து, ஒருதரம் தலையாட்டினாள், ஒருதரம் சிரித்தாள். கசற் டக் என்று நின்றது.

"புனிதம், திறந்தவளோ?"

"ஆர்?"

"அந்தக் காவல்காரன்ரை பெண்சாதி."

அவள் கீழே கிடந்த சீலைத்துண்டை எடுத்து, வடிவாக மடித்து, என் வலது கையில் வைத்தாள்.

"திறக்கேல்லை. அவரும் கை நோகுது எண்டு பொய் சொன்னவராம்."