பிரேக் சாரின் 'ஊரிகே' கார்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ர, ற இரண்டில் எது எங்கே வரும் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. வீட்டில் யாரையாவது பிழை பார்க்கச் சொல்லலாம் என்றால், என் மகளுக்குத் தமிழ் பேசினால் புரியும், பதில் தெலுங்கில் வரும். எழுத்தைக் காட்டினால் கோலம் என்று நினைத்துக்கொள்வாள். பத்திரிகைக்காரர்கள்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.

இனி விஷயம். ஹைதராபாத்தில் கார் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் எங்காவது போவதற்காக ஓட்டுகிறார்கள். நிற்பதற்காகவே கார் ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் லாலாகுடா பிரேக் சார்தான்.

ரயில்வே பட்டறையில் பிரேக் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். ஆனால் அவர் தெருவிலேயே இஸ்திரி வண்டி போட்டு, அவர் சட்டைகளை இத்தனை வருடம் தேய்த்த எனக்கே அது தெரியாது. "ஓட வைக்க எவனாலும் முடியும் தம்பி, நிறுத்தறவன்தான் ஆளு" என்பார். நான் பேசவே கூச்சப்படுகிறவன். அதனால் என் வண்டியருகே நின்று அவர் எனக்கும் சேர்த்துப் பேசுவார்.

அவரிடம் ஒரு சின்னக் கார் இருந்தது. தக்காளிச் சட்னி நிறம். அதை அவர் ஓட்டிப் போனால், ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிற பட்டறைக்காரர்கள் முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்து வணக்கம் சொல்வார்கள். பச்சை விளக்கைப் பார்த்தாலே பிரேக் போடுவார். கேட்டால், "பச்சைன்னா அடுத்தது சிவப்பு வரப்போகுதுன்னுதானே அர்த்தம்?" நடைபாதையில் படுத்திருக்கும் நாய்க்கும் நிறுத்துவார். அது எழுந்து வந்துவிட்டால்? ஒருமுறை பக்கத்து வீட்டுக் குடும்பத்தை முகூர்த்தத்துக்கு அழைத்துப் போனார். அவர்கள் போய் இறங்கும்போது மண்டபத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். "முழுசா வந்து சேர்ந்தோம்ல?" என்றாராம்.

அப்படிப்பட்டவருக்குச் சர்க்கரை வியாதியில் வலது கால் மரத்துப் போனது. ஒரு நாள் காலையில் என் வண்டிக்குப் பக்கத்தில் காரை நிறுத்தியவர், இறங்காமல் உட்கார்ந்தே இருந்தார். கரி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு அருகே போனேன்.

"தம்பி, பிரேக்க மிதிச்சேன். மிதிச்சது எனக்குத் தெரியல. வண்டிக்குத் தெரிஞ்சிருக்கு, நின்னுடுச்சு."

அதோடு சரி. யாரும் சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. அன்று முதல் அவர் ஸ்டியரிங் பக்கம் உட்காரவில்லை.

கார் நின்றுவிட்டது என்று தெரிந்ததும் புரோக்கர்கள் மொய்த்தார்கள். ஆனால் அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். அல்வாலில் ஆளில்லாத வயதானவர்களுக்கு ஒரு இல்லம் இருக்கிறது. அதை நடத்துகிற அம்மா தமிழ்க்காரர்தான். அங்கே சிலருக்கு வாரா வாரம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்ய வேண்டும். மழை பெய்தால் ஆட்டோ வராது. ஒரு மழை நாளில் ஒரு பெரியவர் சிகிச்சைக்குப் போக முடியாமல் மூச்சுத் திணறி, பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டதாம். அந்த இல்லத்துக்குக் காரைத் தானமாகத் தருவதாகச் சொல்லிவிட்டார். அந்த அம்மா அதற்காகவே ஐம்பது வயதுக்கு மேல் டிரைவிங் கற்று லைசென்ஸ் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை சாயங்காலம்தான் அந்தப் போர்டு வந்தது. புரோக்கர் தொல்லை தாங்காமல், இந்தக் கார் இனி ஊருக்குச் சொந்தம், யாரும் விலை கேட்டு வரவேண்டாம் என்று எழுதி மாட்டிவிட நினைத்தார். பிரேக் சாரின் தெலுங்கு எப்படி என்றால், தமிழ்ச் சொல்லைப் பிடித்து அதற்கு ஒரு வால் ஒட்டுவார். அவ்வளவுதான். ஆட்டோ பின்னால் எழுதுகிற பெயின்டரைக் கூப்பிட்டு, பெரிய தெலுங்கு எழுத்தில் எழுதச் சொன்னார்: 'ஈ பண்டி ஊரிகே.'

இந்த வண்டி ஊருக்கே என்று அவர் கணக்கு. தெலுங்கில் 'ஊரிகே' என்றால் சும்மா. அதாவது, இனாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அடுப்பு மூட்டுவதற்குள் காரைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். பால்காரர் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டோக்காரர் ஒருவர் டிக்கியில் தன் துண்டைப் போட்டு இடம் பிடித்திருந்தார். யாரோ முழுக் கார் கிடைக்காது என்று யோசித்து, ஒரு வைப்பரை மட்டும் கழற்றிக்கொண்டு திருப்தியாகப் போனார். பின்சீட்டில் மூன்று பெண்கள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இனாம் கார் வேண்டாம். 'சும்மா' நிற்கிறது என்றுதானே எழுதியிருக்கிறது, அதனால் சும்மா உட்கார்ந்தார்களாம். எல்லோருக்கும் மேலே, தெருமுனையில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் பைல்வான், பானட்டின் மீது கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அந்தக் கையைப் பார்த்தால் காரே கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தது.

பிரேக் சார் ஓடிவந்து, நக்கோ நக்கோ, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். யாரும் நகரவில்லை. பெயின்டர்தான் அவர் காதில் விஷயத்தைச் சொன்னான். சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அல்வால் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார், போர்டைப் படித்தார். அவருக்குத் தெலுங்கு நன்றாகவே வரும்.

"அண்ணே, இத எல்லாருக்குமா குடுத்திருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

போர்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பிரேக் சார் ரயில்வேக்காரர். போர்டில் எழுதினது எழுதினதுதான் அவருக்கு. போர்டை இன்னொரு முறை பார்த்தார். பிறகு கையை உயர்த்தினார். கூட்டம் அடங்கியது.

கார் இனாம்தான், ஆனால் நிறுத்தத் தெரிந்தவனுக்கு மட்டும் என்றார். பின்சீட்டில் ஒரு ஆள் டம்ளர் நிறைய வைத்துக்கொண்டு உட்காருவான். தண்ணீர் டாங்க் வரை ஓட்டிப்போய், திருப்பிக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஒரு சொட்டும் சிந்தாமல் நிறுத்துகிறவருக்குச் சாவி. டம்ளர் பிடிக்க என்னைத்தான் காட்டினார். "இவன் வாயே தொறக்க மாட்டான். இவன விட நல்ல சாட்சி கிடையாது."

டம்ளரில் டீ என்றுதான் முதலில் சொன்னார். நான் பார்த்த பார்வையில் மோருக்கு மாற்றினார்.

பால்காரர் நன்றாகத்தான் ஓட்டினார். டாங்க் அருகே ஒரு வாடிக்கைக்காரரைப் பார்த்துப் பழக்கத்தில் நிறுத்தினார். என் சட்டை நனைந்தது. ஆட்டோக்காரர் ஆட்டோ மாதிரியே திருப்பினார். என் வேட்டி நனைந்தது. பைல்வான் பிரேக்கை உடம்பு முழுவதாலும் மிதித்தார். மோர் மட்டுமல்ல, டம்ளரும் என்னை விட்டுப் போய்விட்டது. முன்கண்ணாடிக்கு உள்ளே தெறித்த மோரைத் துடைக்க, அவசரத்தில் வெளியே இருக்கும் வைப்பரைப் போட்டார்கள். அந்தப் பக்கத்து வைப்பர்தான் காலையிலேயே போயிருந்தது.

கடைசியாக அல்வால் அம்மா ஏறினார். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தம்பி, நான் டிரைவிங் ஸ்கூல் வண்டியத்தான் ஓட்டிருக்கேன். அதுல அவங்களும் ஒரு பிரேக் வச்சிருந்தாங்க" என்றார். எனக்கு மோரைப் பற்றிய கவலை போய், உயிரைப் பற்றிய கவலை வந்தது. சாவியைத் திருப்பினார். கியர் போட்டார். கார் ஒரு பெருமூச்சு விட்டு, ஒரு முழம் நகர்ந்து, அணைந்து நின்றது. மறுபடி முயன்றார். மறுபடி ஒரு முழம். பிறகு அதுவும் இல்லை.

தெருவே சிரித்தது. பிரேக் சார் மட்டும் கைதட்டினார். "பாத்தீங்களா? இதுதான் நிறுத்தறது. சாவி இந்தம்மாவுக்கு."

பைல்வான் முன்னால் வந்தார். "அரே சாப், காடி ஹிலீச் நை!" வண்டி அசையவே இல்லையே என்கிறார்.

"அசையறதுக்கா பந்தயம் வெச்சேன்? நிறுத்தறதுக்கு. சாட்சியக் கேளுங்க, சிந்திச்சான்னு."

அத்தனை முகங்களும் கார் ஜன்னல் பக்கம் திரும்பின. என் கல்யாணத்தில்கூட என்னை அத்தனை பேர் பார்த்ததில்லை. அந்த அம்மா முன்சீட்டிலிருந்து திரும்பவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்த அவர் விரல்கள் மட்டும் தெரிந்தன. கையில் இருந்த மோரையே குடித்துவிடலாமா என்று இருந்தது. டம்ளரை ஜன்னல் வழியாக நீட்டினேன்.

"சிந்தல" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது. பின்சீட்டிலிருந்து இறங்கித் திண்ணையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பைல்வான் குனிந்து டம்ளரைப் பார்த்தார். விளிம்பு வரை மோர். கார் எதற்கு என்று அல்வால் அம்மாவிடம் கேட்டார். அம்மா அந்த மழை நாளைத் தெலுங்கில் சொன்னார். பைல்வான் மோரை ஒரே மூச்சில் குடித்தார். "ஹவ்" என்றார், சரி என்று அர்த்தம். பிறகு காரின் பின்னால் போய் இரண்டு கையையும் வைத்துத் தள்ள ஆரம்பித்தார். நான் இறங்கிக்கொண்டேன். பாதித் தெரு அவரோடு சேர்ந்து தள்ளியது. கார் உயிர் பெற்று, குலுங்கிக் குலுங்கி அல்வால் பக்கம் கிளம்பியது.

பிரேக் சார் நடுத்தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் அந்த அம்மா பிரேக் போட்டார். சார் கண்ணாடியைக் கழற்றி, நான் முந்தின நாள் தேய்த்துக் கொடுத்த சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தார்.

"தம்பி, எனக்குச் சரியாத் தெரியல. பின்னாடி பிரேக் லைட்டு ரெண்டும் எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது சார்" என்றேன்.

ஒன்றுதான் எரிந்தது. மறுநாள் இஸ்திரி வண்டியைத் திறக்காமல், அல்வாலுக்கு பஸ் ஏறிப் போய், முன்பின் பேசிப் பழகாத அந்த அம்மாவிடம் நானே வாயைத் திறந்து சொல்லி, பல்பை மாற்ற வைத்துவிட்டுத்தான் திரும்பினேன். அவர் இன்னொரு முறை கேட்டால், உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா.

எழுதி முடித்தது: கார்த்திகை மூன்று, புதன்கிழமை.