மூளை காணாமற்போன முற்பகல்

தம் மூளையைப் பிறர் பார்க்க வேண்டும் என்று எவரும் ஆசைப்படுவதில்லை. அடியேன் ஆசைப்பட்டேன். அதன் பயனை இன்றளவும் நுகர்ந்துவருகிறேன்.

தமிழ்ப் பேராசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுச் சுருளிப்பட்டியில் வாழ்ந்த காலம் அது. அறுபதைக் கடந்தும் எனக்கு ஒரு நரைகூட இல்லை. "நாவில் தூய தமிழ், சிந்தையில் தெளிவு, முடி எவ்வாறு நரைக்கும்?" என்று செல்லுமிடமெல்லாம் முழங்கிவந்தேன். (ஊரும் நம்பியது. நல்ல ஊர்.)

தேனியில் பொறியியல் கல்லூரி ஆசிரியராக இருந்த என் மருமகன் முருகேசன், செயற்கை நுண்ணறிவில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். மூளையின் ஸ்கேன் படங்களைக் கணினிக்குக் காட்டிக் காட்டி, நலமான மூளை எது, கட்டியுள்ள மூளை எது என்று தானே பிரித்தறியப் பழக்குவது அவர் வேலை. ஒப்பிடுவதற்கு நலமான மூளைகள் போதவில்லை என்று ஒருநாள் வருந்தினார்.

"மாப்பிள்ளை, கவலை விடுக! என் மூளையைத் தருகிறேன். அது கணினிக்கே பாடமாக அமையும்."

அடுப்படியிலிருந்து என் துணைவி பேச்சியம்மாள் குரல் கொடுத்தாள்: "கூட்டிட்டுப் போங்க மாப்ள. பொழங்காத சாமான், புதுசு மாதிரியே இருக்கும்."

தேனி ஸ்கேன் மையத்துக்குக் குடும்பமே திரண்டு சென்றது.

"ஐயா, மேல இரும்பு கிரும்பு ஏதும் இருக்கா? மிசினு பூராம் காந்தம்" என்றார் அதை இயக்கும் இளைஞர்.

மோதிரம், அரைஞாண், கண்ணாடி, எழுதுகோல் அனைத்தையும் நீக்கி, முற்றும் துறந்த முனிவனாக நின்றேன். "எஞ்சியுள்ள இரும்பு என் நெஞ்சுறுதி ஒன்றே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பேச்சியம்மாள் மட்டும் என் தலையை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

குழாய்க்குள் தடதடவென்று பேரொலி. நானோ யாப்பிலக்கணத்தை மனத்துக்குள் ஓதிக்கொண்டிருந்தேன். (நல்ல பகுதிகள் படத்தில் விழட்டுமே என்றுதான்.)

முருகேசன் படங்களைத் தம் மடிக்கணினிக்குள் செலுத்தினார். அது சற்றே சிந்தித்தது. சிவப்பெழுத்தில் விடை வந்தது.

"என்ன சொல்கிறது? ஒப்பற்றது என்கிறதா?"

"மாமா... முன்பக்கம் பெரிய கட்டின்னு சொல்லுது."

திரையைப் பார்த்தேன். நெற்றிக்குப் பின்னால் மூளை இருக்கவேண்டிய இடத்தில் கரும்பள்ளம்; எலி கரண்டிய தேங்காய் மூடி போல. மகள் கயல்விழி கதறினாள். மருமகன் மதுரை மருத்துவமனைக்கு வண்டி பேசினார். நான் நாற்காலியில் சாய்ந்து இறுதியுரையைத் தொடங்கினேன்: "கயல், என் நூல்கள் அனைத்தும் உனக்கே உரியன..."

அவள் அழுகை சட்டென நின்றது. "எல்லாமுமாப்பா?"

பேச்சியம்மாள் எழுந்தாள். "ஏங்க, உசுரு பெருசா, முடி பெருசா? நீங்களாச் சொல்றீகளா, நான் சொல்லவா?"

நான் கண்களை மூடிக்கொண்டேன். (இறப்பதே மேல் என்று ஒரு கணம் எண்ணியது உண்மை.)

"தம்பி, கடைச் சாயம் இங்கிலீசு சரக்குன்னு இவுக தொடமாட்டாக. லேத்துப் பட்டறையில இரும்புத்தூள் வாங்கியாந்து, கடுக்காயோட ஊறப்போட்டுத் தலையில பூசுவாக. இன்னைக்குப் படம் எடுக்குறாகன்னு முன்னந்தலையில இன்னொரு பூச்சு வேற!"

இளைஞர் அப்போதுதான் சிரித்தார். அதன்பின் அவரால் நிறுத்த இயலவில்லை. "அந்தத் தூளுதாம்மா படத்தைத் தின்னுருக்கு!"

"அப்ப கட்டி இல்ல மாமா!" முருகேசன் துள்ளினார். "என் கம்ப்யூட்டர் இதுவரை சுத்தமான படத்தைத்தான் பாத்துருக்கு. கறுப்பாத் தெரிஞ்சதும் நோயின்னுருச்சு."

மதுரைக்குப் பேசிய வண்டி பழனிசெட்டிபட்டி முடிதிருத்தகத்துக்குப் பறந்தது. மொட்டைத் தலையோடு மீண்டும் குழாய்க்குள் நுழைந்தேன். இம்முறை கணினி 'நலம்' என்றது. காணாமற்போன மூளை, எங்கும் போகாததுபோல் தன்னிடத்தில் அமர்ந்திருந்தது. மகிழ்ச்சி தாங்காமல் அந்த இளைஞரை இறுகத் தழுவிக்கொண்டேன். அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

முதற்படத்தை மருமகன் எறியவில்லை. எதைக் கண்டு ஏமாறக் கூடாது என்று பழக்குவதற்காக அதையும் கணினிக்குக் காட்டினார். (பாடமாக அமையும் என்றேன் அல்லவா?)

முடி மீண்டும் முளைத்தது, இலவம்பஞ்சு நிறத்தில். "ஐயாவுக்கு ஏன் திடீர்னு இம்புட்டு வெளுத்துப்போச்சு?" என்று எவர் கேட்டாலும், நான் வாய் திறப்பதற்குள் பேச்சியம்மாள் முந்திக்கொள்வாள்:

"அதுவா? இவுகளுக்கு மூளை வந்த பெறகுதான் நரைச்சுச்சு."