கூண்டுக்குப் பன்றியைப் பழக்குபவர்

சேர்வராயன் மலையில் காட்டுப்பன்றியைவிட வேகமாகப் பெருகிவரும் பிராணி ஒன்று உண்டு. இரண்டு கால். வால் கிடையாது. தோளில் துண்டு. பெயர், பன்றி நிபுணர். எங்கே கூண்டு வைத்தாலும் மோப்பம் பிடித்து வந்துவிடுவார். பன்றி வருவது சந்தேகம். இவர் வருவது நிச்சயம்.

செம்மநத்தத்துப் பொன்னுவேல் இந்த இனத்தில் நன்றாக வளர்ந்த உருப்படி. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இதுவரை எத்தனை பன்றி பிடித்திருக்கிறார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "புடிக்கறது பெருசில்லீங்க, அதோட மனசப் புரிஞ்சுக்கோணும்" என்பார். புரிந்துகொண்டு? சம்பந்தம் பேசவா போகிறோம்?

அதே ஊர்க் காளியாயியின் குச்சிக்கிழங்குக் காட்டில், அதாவது மரவள்ளி வயலில், பன்றிகள் பாதியைத் தோண்டிவிட்டன. அடுத்த சாமை அறுவடை வரைக்கும் அவள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமானால் மீதிப் பாதி மிஞ்சியாக வேண்டும். வனத்துறையிடம் அனுமதி வாங்கி, பஞ்சாயத்தில் ஓர் இரும்புக் கூண்டு கொடுத்தார்கள். ஏழு நாளைக்குத்தான். எட்டாம் நாள் அது அடுத்த ஊருக்குப் போக வேண்டும்.

கூண்டு வந்து இறங்கியதுதான் தாமதம், பொன்னுவேல் ஆஜர். முதல் நாள் முழுக்கக் காற்றடிக்கும் திசை பார்த்தார்; மறுநாள் தெற்கே பார்த்த கூண்டை வடக்கே திருப்பி, வடக்கே பார்த்ததைக் கிழக்கே திருப்பி, நாலு ஆள்களை மூச்சு வாங்க வைத்து, கடைசியில் இறக்கிய இடத்திலேயே கொண்டுவந்து வைத்து, "இப்பத்தான் செரியா உக்காந்திருக்குது" என்றார். மனித வாடையே படக்கூடாதென்று எல்லோரையும் விரட்டிவிட்டு, கூண்டின்மேல் சாய்ந்து பீடி பற்றவைத்தார். பன்றி என்று பெயர் சொல்லவும் கூடாதாம். 'அந்தாளு' என்றுதான் சொல்ல வேண்டுமாம்!

மூன்றாம் நாள் காளியாயி பலாப்பழத்தை உள்ளே வைத்து, கதவு தானாக விழும்படி மாட்டப் போனாள்.

"அட, நில்லு காளியாயி! எடுத்த எடுப்புல கதவு உழுந்தா அந்தாளு மெரண்டுக்குவாரு. கதவு உழாம கவுத்துல இழுத்துக் கட்டு. வந்து தின்னு பழகட்டும்."

"எத்தன நாளைக்குங்க பழகோணும்?"

"அவசரப்பட்டா ஆவுமா?"

பழகியது. சும்மாவா? நாலாம் நாள் ஒன்று வந்தது. ஐந்தாம் நாள் குட்டிகளோடு வந்தது. ஆறாம் நாள் இரவு உற்றார் உறவினர் எல்லாம் திரண்டு வந்து, கூண்டுக்குள் பலாப்பழ விருந்து முடித்து, அதுவும் பற்றாமல் கிழங்கையெல்லாம் தோண்டித் தீர்த்துவிட்டுப் போயின. ஏழாம் நாள் விடிந்தபோது காட்டில் ஒரு செடிகூட நிற்கவில்லை.

பொன்னுவேல் கூண்டுக்குள் குனிந்து குளம்புத் தடத்தைப் பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தியா! அந்தாளு நல்லாப் பழகிட்டாப்ல. இன்னைக்குக் கவுத்த அவுத்துரலாம்."

"அவுத்து? அந்தாளு இனி எதுக்குங்க வர்றாரு? திங்கறதுக்கு இங்க என்ன கெடக்குது?" என்றாள் காளியாயி. சொல்லிவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். அதுவரைக்கும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் ஜீப் வந்து கூண்டை ஏற்றிக்கொண்டது. முன் சீட்டில் பொன்னுவேல். அடுத்த ஊரில் யோசனை சொல்ல ஆளில்லையாம்.

சரி, நீங்கள் ஏன் நெளிகிறீர்கள்? 'பலாப்பழம் வைத்ததே தப்பு, சோளம் வைத்திருக்க வேண்டும்' என்று பாதியிலேயே முணுமுணுத்தீர்களே, என் காதில் விழுந்தது. செம்மநத்தம் பக்கம் போனால் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். காளியாயி இப்போதெல்லாம் மண்வெட்டியைக் கீழே வைப்பதே இல்லை.